ஓடுகிற கணினியின் பகையாளி

எங்கள் வீட்டுக் கணினி ஒழுங்காக ஓடுகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் என் நாத்தனாரின் முகம் கடுத்துவிடும். "ஓடுதா?" என்பார். பிள்ளை திருடுகிறான் என்று பக்கத்து வீட்டார் வந்து சொன்னதைக் கேட்ட தாயின் குரலில் அந்தக் கேள்வி வரும். அடுத்த சனிக்கிழமை அந்தக் கணினிக்கு என்ன நேரப்போகிறது என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

அவர் என் கணவரின் அக்கா. திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நுண்ணோக்கியின் முன்னால் வேலை. சனிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. காலைப் பேருந்தில் சித்தூருக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்து சேர்வார். மாற்றுப் புடவையை மறந்து வந்த நாள்கள் உண்டு. பென்டிரைவ்களைக் கோத்து வைத்திருந்த சாவிவளையத்தை மறந்த நாள் கிடையாது. கால் கழுவுவதற்கு முன்னரே கூடத்து மூலையிலிருந்த கணினியின் முன் உட்கார்ந்துவிடுவார். மாலைக்குள் அதிலிருந்த இயங்குதளம் போய், அந்த இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கும்.

கணினி விழித்ததும் தான் முதலில் எழுந்து மற்ற எல்லாவற்றையும் எழுப்புகிற மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். விலைக்கு விற்கப்படுபவற்றை அவர் ஏறிட்டும் பார்க்கமாட்டார். எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம் என்று பொதுவில் விடப்பட்டவை இருக்கின்றன. லினக்ஸ் என்ற ஒரு குடும்பத்திலேயே எத்தனையோ கிளைகள். அவற்றுள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. யாரும் கேட்டதில்லை, வீட்டில் யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. என் கணவர் மட்டும் சனிக்கிழமை மாலைகளில் கணினியை இயக்கிப் பார்த்து, "இன்னைக்கு அச்சுப்பொறி வேலை செய்யுமா, செய்யாதா?" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்பார்.

விட்டுவந்ததை நாத்தனார் ஒருநாளும் மன்னித்ததில்லை. தை மாதத்தில் அவர் வாயாரப் புகழ்ந்த ஒன்றை மாசியில் வாயாரத் திட்டுவார். என் மாமனாருக்கு இது பெரும் வேடிக்கை. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் நைனா.

"ஏமே, போன வாரம் போட்டதுக்கு இன்னா நோவு?"

"அதுவா? அது குப்பை, நைனா."

"போன வாரம் தங்கம்னு சொன்னியே."

"போன வாரம் எனுக்குத் தெரியாது. இப்போ தெரியும்."

"முப்பது வருசம் டிக்கெட்டு கிழிச்சவன் நானு. வழிய மாத்திக்கினே இருக்கிற டிரைவர வச்சிக்கினு எந்த ஊரு போய்ச் சேர்றது?"

"நீ போன ஊருக்கே முப்பது வருசம் போனே. அதுல இன்னா பெருமை உனுக்கு?"

"கட்டிக்கினவனையும் இப்பிடித்தான் ஏழு மாசத்துல அழிச்சிட்டு வந்தே."

நான் புதுமருமகளாக இருந்த காலத்தில் இந்த இடத்தில் என் தட்டிலிருந்து காப்பி சிந்தியிருக்கிறது. அவரோ திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பதில் சொன்னார்: "அவன் நல்லா ஓடிக்கினுதான் இருந்தான், நைனா. அதான் பிரச்சினையே."

நைனா சிரித்தார். அந்த வீட்டில் அன்பு என்ற ஒன்று நடமாடியதென்றால் அது வசையின் உடையைத்தான் உடுத்திக்கொண்டிருந்தது. வேலூரில், குரல் உயராத ஒரு வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த உடைக்குள் இருப்பது அன்புதானா என்ற ஐயம் நெடுநாள் தீரவில்லை.

புதிய இயங்குதளம் ஏறும்போது, இந்தக் கணினிக்கு என்ன பெயர் என்று ஒரு கட்டத்தில் கேட்கும். அவர் ஒருமுறை வைத்த பெயரை மறுமுறை வைக்கமாட்டார். நைனாவின் பேருந்துகள் நின்ற ஊர்களின் பெயர்களாகவே வைத்துவந்தார். பூதலப்பட்டு, சந்திரகிரி, காணிப்பாக்கம், பலமனேர் என்று எங்கள் கணினி ஆண்டுக்கணக்கில் மாவட்டத்தைச் சுற்றிவந்தது. சித்தூர் என்று ஏன் வைக்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"சித்தூரு டிப்போம்மா. அங்க போயிட்டா வண்டிய அணைச்சிடுவாங்க."

கல்லூரியில் பாடம் சொல்பவள் என்பதால் என்னை அவர் டீச்சரம்மா என்றுதான் அழைத்தார். நானும் அண்ணி என்றழைப்பதில் குறை வைத்ததில்லை. எங்களுக்குள் பகை என்று ஊருக்குத் தெரியும்படி எதுவும் நடந்ததில்லை. ஆனால் என் பொறுமை அவரை இடைவிடாமல் எரிச்சலூட்டியது. ஒரே பேனா, ஒரே வகைக் குறிப்பேடு, கணினியில் ஒரே எழுதும் செயலி. "இதையே எத்தன வருசம் தட்டிக்கினு இருப்பே டீச்சரம்மா? உனுக்குக் கை வலிக்கலியா, மனசு வலிக்கலியா?" என்பார். அவர் மாற்றிவிட்டுப் போன திரையில் என் கோப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே என் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. நான் குறை சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதும் ஒரு வகைத் தாக்குதல் என்பதை நான் அறிந்தேதான் செய்தேன்.

அப்போது நான் திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். நகரி, புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வெட்டப்பட்ட கல்வெட்டுகள் என் பொருள். ஆறு ஆண்டு விடுமுறைகள் எல்லாம் கோயில் மதில்களின் கீழே குந்தியபடி போயின. ஒரே எழுத்தை மூன்று வேளை வெயிலில் மூன்று படம் எடுப்பேன். சாய்வெயிலில்தான் தேய்ந்த கோடு நிழல் காட்டும். பழைய வாசகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அதன்மேல் புதிதாக வெட்டிய கற்களும் அவற்றில் இருந்தன. அவற்றின் படங்களை அண்ணி ஒருநாள் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"கல்லையே அழிச்சி எழுதின ஊருக்காரங்க நாங்க. நான் டிஸ்க்க அழிச்சா மட்டும் நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கிறே."

அந்த ஆய்வேடு முழுவதும் அந்தக் கணினியில்தான் இருந்தது; அதன் நகல் ஒன்று வெளியே தனி டிஸ்க்கில். இரண்டு இயல்கள் மட்டும் அச்செடுத்து நெறியாளரிடம் தந்திருந்தேன். இருமுறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அண்ணி தாம் ஏன் அப்படி என்பதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த நான் அவருடன் சித்தூர் திரும்பிக்கொண்டிருந்தேன். சந்திரகிரி தாண்டிப் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், நான் எதுவும் கேட்காமலே பேசத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருடம், ஒரு குழந்தையின் ரத்தத்தடவல், கண்ணாடி ஸ்லைடில் தடவிய ரத்தம், அவரிடம் வந்திருக்கிறது. பார்த்தார், மலேரியா இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வேறொரு கூடத்தில் அதே குழந்தைக்கு இருக்கிறதென்று தெரிந்தது. தன்னுடைய பழைய தடவலை எடுத்து மீண்டும் நுண்ணோக்கியில் வைத்தார்.

"இருந்துச்சும்மா. நல்லாத் தெரிஞ்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல. அன்னைக்கும் அது அங்கதான் இருந்துச்சு. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். ஆனா பார்க்கல."

"குழந்தை?"

"பொழச்சிக்கிச்சு. காது ஒண்ணு போயிடுச்சுன்னாங்க." என் பக்கம் திரும்பினார். "பழகின கண்ணு பார்க்காது. அந்தே, அவ்ளோதான்."

அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டுக் கணினியில் முதல்முறையாக ஒன்றை அழித்து வேறொன்றைப் போட்டாராம். பல்லை ஒரு வாரம் இடக்கையால் விளக்குவார். வேலைக்குப் போகும் தெருவை மாற்றுவார். கை தானாகப் போகிற இடத்துக்கு அதைப் போகவிடக் கூடாது என்பது அவருக்கு நோன்பாக ஆகிவிட்டிருந்தது. "இத நைனா கிட்டயோ தம்பி கிட்டயோ சொல்லிக்கினு திரியாதே" என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

லினக்ஸின் கிளைகளில் பதினோர் ஆண்டு தாவியபின், அந்த மரமே அவருக்குப் பழகிவிட்டது. பிஎஸ்டி என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதுவும் பொதுவில் விடப்பட்டதுதான், ஆனால் கட்டளைகளும் ஒழுங்கும் வேறு. அதற்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். விட்டுப்போகிற லினக்ஸை இரண்டு சனிக்கிழமைகள் சேர்த்துவைத்துத் திட்டினார்.

"அஞ்சு வாரம் பொறுங்க அண்ணி. நான் ஆய்வேட்டக் கொடுத்துடறேன். அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

"உன் டிஸ்க்க நான் தொடவே போறதில்ல. ரெண்டு டிஸ்க் இருக்கு. மொத டிஸ்க்குல சிஸ்டம். ரெண்டாவதுல உன் கல்லுங்க. மொதலத்தான் அழிக்கிறேன்."

"வெளியில வச்சிருந்த நகல்?"

"அத போன வாரமே காலி பண்ணிட்டேன். புதுசுக்கு ஏத்த மாதிரி மாத்தணும் இல்ல? இது முடிஞ்சதும் உன்னுது எல்லாத்தையும் திருப்பி அதுல எழுதிக் குடுக்கறேன்."

இயங்குதளம் மாற்றுகிற பொழுதுபோக்காளர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. வீடு மாறுகிற நாளில், பழைய வீட்டைக் காலி செய்து, புது வீட்டின் சாவி வருவதற்கு முன் சாமான்களை நடுத்தெருவில் வைப்பதைப் போன்றது. அப்போது எனக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்; பொறுமையில் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தச் சனிக்கிழமை நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் விசைகளின் ஓசை; நைனாவின் குரல், "இந்த வாட்டி எந்த ஊரும்மே?"; "நாகலாபுரம்" என்று அவருடைய பதில். பிறகு ஓசை நின்றது. வெகுநேரம் நின்றது. நான் எட்டிப் பார்த்தபோது அவர் இரு கைகளையும் விசைப்பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், ஈரக்கை காய்வதற்காகப் பிடிப்பதைப் போல.

"அய்யிபோயிந்தி" என்றார். போயிற்று என்பதற்கான தெலுங்குச் சொல். நல்ல செய்தியைத் தமிழிலும் கெட்ட செய்தியைத் தெலுங்கிலும் சொல்வது அவர் வழக்கம்.

நடந்தது இவ்வளவுதான். லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எழுத்து; ஒரு டிஸ்க்கின் பகுதிகளுக்கு எண், அந்த எண் ஒன்றிலிருந்து தொடங்கும். பிஎஸ்டியில் டிஸ்க்குகளுக்கே எண், அதுவும் பூஜ்யத்திலிருந்து. எந்த டிஸ்க்கை அழிக்க வேண்டும் என்று திரை கேட்டது. பூஜ்யம், ஒன்று என இரண்டு வரிகள். அளவில் இரண்டும் ஒன்றே. முதலாவது என்றால் ஒன்று என்று பதினோர் ஆண்டுகளாகப் பழகிய விரல், ஒன்றைத் தேர்ந்துவிட்டது. அழிந்திருக்க வேண்டிய பழைய லினக்ஸ் முதல் டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. என் கற்கள் இருந்த இடத்தில் நாகலாபுரம் என்ற பெயருடன் புதிய இயங்குதளம் ஏறத் தொடங்கியிருந்தது.

"பாதியிலயே பார்த்துட்டேன். கரண்ட்டப் புடுங்கினேன். ஆனா..." என்றார். தம் வலக்கையைப் பார்த்தார். "பார்த்துக்கினேதாம்மா அழுத்தினேன்."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "கை எழுத்துல குறிப்பு இருக்குதுல்ல உன்கிட்ட? திருப்பி எழுதிக்கலாம்ல?"

அதுவரை அந்த வீட்டில் என்னிடமிருந்து ஒரு கடுஞ்சொல்லையும் யாரும் கேட்டதில்லை. நைனா நாற்காலியில் இருந்தார். என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மிக நிதானமாகச் சொன்னேன். நிதானமாகச் சொன்னதுதான் கொடுமை.

"அந்தக் குழந்தையோட ஸ்லைடையும் இப்படித்தானே பார்த்துக்கிட்டே இருந்தீங்க, அண்ணி?"

"எந்தக் கொழந்த?" என்றார் நைனா.

அண்ணி எழுந்து, திருப்புளியால் கணினியின் பக்கவாட்டைத் திறந்து, என் டிஸ்க்கைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார். சாப்பிடாமல் புறப்பட்டுவிட்டார். "ஏமே, துன்னுட்டுப் போ" என்று நைனா வாசல்வரை வந்து கூப்பிட்டது தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

அதன்பின் மூன்று சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. நான் குறிப்பேடுகளை விரித்துவைத்துக்கொண்டு போன இயல்களை மீண்டும் எழுதினேன். வாதங்கள் நினைவிலிருந்து வந்தன, வாசகங்கள் வரவில்லை. தேய்ந்த எழுத்துக்குப் படம்தான் சான்று. என் குறிப்பேட்டில் இருந்ததெல்லாம் "படம் காண்க" என்ற ஆணை மட்டுமே. எழுதும்போதெல்லாம் மனத்துக்குள் அவருடன் சண்டையிட்டேன். அந்தச் சண்டைகளில் நான் எப்போதும் வென்றேன். வென்றபின் எழுத ஓடாது.

நான்காம் சனிக்கிழமை வந்தார். மெலிந்திருந்தார். கண்களின் கீழே நுண்ணோக்கி அழுத்திய வளையம் போல ஒரு கருமை. டிஸ்க்கை மேசைமேல் வைத்தார்.

"எழுதினது போச்சு. துண்டு துண்டா கொஞ்சம் வந்துச்சு, ஒண்ணுத்துக்கும் ஆவாது. படம் வந்துடுச்சு."

அழிந்த டிஸ்க்கிலிருந்து மீட்கப்படும் படங்கள் பெயரில்லாமல்தான் வரும் என்று பின்னர் அறிந்தேன். கோப்புறைகள் போய்விடும், எந்த ஊர், எந்தச் சுவர் என்பதெல்லாம் போய், வெறும் எண்களே மிஞ்சும். ஆயிரக்கணக்கான சாம்பல் நிறக் கற்கள். நான் திறந்தபோது அவை அப்படி இருக்கவில்லை. ஊர்வாரியாக, சுவர்வாரியாக, ஒரே கல்லின் மூன்று வெயில்களும் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருந்தன. பழந்தமிழ் எழுத்தில் ஒன்றையும் படிக்கத் தெரியாத மனிதர் அவர்.

"எப்படி அண்ணி?"

"எழுத்தப் பார்க்கல. பாசி படிஞ்சிருக்கிறது, வெடிப்பு, உளி பட்ட மூலை... ரத்தத்துல பார்க்கிற மாதிரிதான். ஊரு பேருக்கு உன் குறிப்பேட்டுல தம்பிய விட்டு போட்டோ புடிச்சி அனுப்பச் சொன்னேன்." பையை எடுத்துக்கொண்டார். "பதினேழு படம் எங்க சேருதுன்னு தெரியல. தனியா வச்சிருக்கேன். நீ பாரு."

பதினேழில் பதினாறு ஒரே கல்லின் படங்கள். பழைய வாசகம் செதுக்கி எடுக்கப்பட்டிருந்த கல். எஞ்சிய ஒன்றில் கல்லே இல்லை. புத்தூர் அருகே ஒரு மதிலடியில் நான் எப்போதோ தவறுதலாக எடுத்த என் நிழல்.

அன்றே கணினிக்குள் டிஸ்க்கைப் பொருத்தினார். பிஎஸ்டியைப் போடவில்லை. இரண்டு சனிக்கிழமை வசைபாடிய அதே லினக்ஸை, அழியாமல் தப்பியிருந்த அதையே, எனக்குப் பழகிய செயலியுடன், எனக்குப் பழகிய இடத்தில் ஐகானுடன், ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். கெடு முடிந்த நாளின் பிற்பகலில் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். நன்றியுரையில் அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். அதைப் படித்தாரா என்று தெரியாது.

அவர் இன்றும் இருக்கிறார். திருப்பதியில்தான். பொங்கலுக்கும் நைனாவின் திதிக்கும் வருவார். மாற்றுப் புடவையை மறக்காமல் கொண்டு வருகிறார். ஆயினும் சாவிவளையமும் வசையுமாகப் பேருந்திலிருந்து இறங்கிய ஒருவரை நான் அந்தச் சனிக்கிழமைக்குப் பின் பார்க்கவில்லை. அந்த வீட்டின் வசைகளுக்குள் இருந்தது அன்புதான் என்பதை அவை நின்ற பிறகே நிச்சயமாக அறிந்தேன்.

சென்ற பொங்கலன்று கணினியின் முன் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நெடுநாளாக ஒத்திகை பார்த்துவைத்திருந்ததை எடுத்தேன்.

"அண்ணி, அன்னைக்கு நான் சொன்னது..."

"நீ சொன்னது சரிதான்" என்றார்.

எனக்கு அவர் இழைத்தவற்றிலேயே பெரிய கொடுமை அந்த ஒப்புதல்தான். ஒரு திட்டு, ஒரு கேலி, ஒரு 'டீச்சரம்மா' வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பேச்சை மாற்ற வேண்டித் திரையைக் காட்டினேன். இந்த இயங்குதளத்துக்கு இனிமேல் திருத்தங்கள் வராது, புதியதற்கு மாறுக என்று மூலையில் ஓர் அறிவிப்பு பல மாதங்களாக நிற்கிறது.

"ரொம்பப் பழசாயிடுச்சு அண்ணி. அழிச்சிட்டு வேற போடுங்களேன். நகல் எல்லாம் மூணு இடத்துல வச்சிருக்கேன்."

அவர் அறிவிப்பைப் படித்தார். அதன் மேலே, கணினியின் பெயர் இருக்கும் இடத்தில், அன்று அவரே வைத்துவிட்டுப் போன பெயர் இருந்தது: சித்தூர். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன். வலக்கையை இடக்கையால் பற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓடுதுல்ல?"

"ஓடுது அண்ணி."

"அப்போ விடும்மா" என்றார். "ஓடட்டும்."